திருமலையப்பன் வீட்டு அருவி

மடத்துக்கு வருகிறவர்கள் பெரிய பெரிய கேள்வியாகத்தான் கொண்டு வருவார்கள். உயிர் எங்கிருந்து வந்தது, செத்த பிறகு எங்கே போகும், ஆசையை எப்படி விடுவது. நாச்சியாரம்மா கீரை ஆய்ந்துகொண்டே கேட்பார். சில கேள்விக்குப் பதில் வரும். சில கேள்விக்கு மோர்தான் வரும்.

அந்த வெள்ளிக்கிழமை திருமலையப்பன் கேட்டது இது.

"அம்மா, எங்க வீட்டு ஷவர்ல தண்ணி வேகமா வர மாட்டேங்கு. என்ன செய்ய?"

நான் அடுப்படியில் இருந்தேன். சிரிப்பை அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. கரண்டியை வேண்டுமென்றே பாத்திரத்தில் தட்டிச் சத்தம் உண்டாக்கினேன்.

மடம் என்றதும் கோபுரம், யானை என்று நினைத்துவிட வேண்டாம். குற்றாலத்துக்குப் பக்கத்தில், மேலகரத்தில் ஒரு ஓட்டு வீடு. பின்னால் நாலைந்து தென்னை. நாச்சியாரம்மா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர், ஒருநாள் போதும் என்று விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்தார். அவரைத் தேடி ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வந்தவர்களுக்குச் சோறு போட நானும் வந்து சேர்ந்தேன். என் பெயர் செல்லத்தாய்.

திருமலையப்பன் அம்மாவை விட வயதில் மூத்தவர். அம்மா அவரை அண்ணாச்சி என்பார், அவர் அம்மாவை அம்மா என்பார். இரண்டு பேருக்கும் அதில் ஒரு கஷ்டமும் இல்லை. பஸ் கம்பெனியில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பனைமரம் மாதிரி உயரம். அவர் ஏறினால் டிக்கெட் வாங்கினவனே ஒருமுறை சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வானாம். இப்போதும் ரோட்டில் ஹாரன் கேட்டால் போதும், பேசிக்கொண்டிருக்கும் பேச்சை நிறுத்திவிட்டு, "இது தென்காசி டெப்போ வண்டி, லேட்டா வாரான்" என்று சொல்லிவிட்டுத்தான் மேலே பேசுவார். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அம்மா சிரிக்கவில்லை. கீரைக்கட்டைக் கீழே வைத்தார்.

"தொட்டியில தண்ணி இருக்கா, அண்ணாச்சி?"

"நிறையக் கெடக்கும்மா."

"குழாய் எங்கயாவது அடைச்சிருக்கா?"

"எல்லாம் பாத்தாச்சு. ஷவர் மூடியைக் கழட்டி எலுமிச்சம்பழச் சாறுல ஊறப்போட்டேன். ஊசியை வச்சு ஒவ்வொரு ஓட்டையாக் குத்துனேன். வால்வை முழுசாத் திறந்து வச்சிருக்கேன். அப்பவும் நூல் நூலாத்தான் வருது. அதுக்கு அடியில நின்னா ஒரு தோள் நனையும், ஒரு தோள் காஞ்சு கெடக்கும்."

"தொட்டியை இன்னும் உயரத்துல தூக்கி வைக்கலாமே?"

"கொத்தனார் ஒத்துக்கிட மாட்டேங்கான். எங்கப்பா கட்டுன வீடு. பழைய மச்சு, கனம் தாங்காதுங்கான்."

"அப்போ மோட்டார்?"

திருமலையப்பன் தரையைப் பார்த்தார். நான் அடுப்பைத் தணித்துவிட்டு வாசல்படிக்கு வந்தேன். மோட்டார் கதை எனக்குக் கொஞ்சம் தெரியும். இலஞ்சியில் அவர் தெருவுக்கே தெரியும்.

அவர் மனைவி ஆவுடையம்மாளுக்கு வலது தோள் இறுகிப்போய்விட்டது. சர்க்கரை இருக்கிறவர்களுக்கு அப்படி வருமாம். கை நெஞ்சுக்கு மேல் எழும்பாது. தலைவாருவது, கொடியில் துணி போடுவது எல்லாம் இடது கையில்தான். ஆனால் இடது கைக்குக் கனம் தாங்காது, வாளியில் இருந்து ஒரு செம்பு தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றிக்கொள்ள முடியாது. அதற்காகத்தான் அவர் ஷவர் வைத்தார். அது சரியாக வரவில்லை என்றதும் மோட்டார் வைத்தார். வீட்டுச் சுவருக்குள் அவர் அப்பா காலத்து இரும்புக் குழாய். துருப்பிடித்து, துருதான் குழாயாக நின்றுகொண்டிருந்தது. மோட்டார் ஓடிய வேகத்தில் அது சுவருக்குள்ளேயே வெடித்து, காரை பெயர்ந்து, குளியலறை முழுக்கத் தண்ணீரும் சுண்ணாம்புமாகிவிட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். அந்த நேரத்தில் தலை நிறையச் சீயக்காயோடு ஆவுடையம்மாள் உள்ளே இருந்தார்.

"வெளிய வந்தா," என்றார் திருமலையப்பன். "ஒண்ணும் சொல்லலை. தலையைத் துடைச்சா. சேலையை மாத்துனா. பையை எடுத்துக்கிட்டா. மூணு இருபது பஸ்ல செங்கோட்டைக்கு அவ அக்கா வீட்டுக்குப் போயிட்டா."

"ஒண்ணுமே சொல்லலையா?"

"வாசல்ல நின்னு ஒண்ணு சொன்னா. 'இந்த வீட்டுல நான் எப்படிக் குளிக்கது?' அவ்வளவுதான்."

அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஆள் விட்டுப் பாத்தேன். எங்க பொண்ணை விட்டுப் போன்ல பேசச் சொன்னேன். வர மாட்டேங்கா. இப்போ சுவரை உடைச்சுப் புதுப் பைப் போட்டாச்சு. மோட்டாரைக் கழட்டி வச்சாச்சு. ஷவர்ல மட்டும் தண்ணி விழுந்துட்டா அவ வந்துருவாம்மா. அது ஏன் விழ மாட்டேங்கு? தண்ணி இருக்கு, குழாய் இருக்கு, எல்லாம் இருக்கு. எனக்கு மண்டை குழம்பிப் போச்சு."

அம்மா கொஞ்சம் யோசித்தார்.

"ஷவர் வேணும்னு ஆவுடை கேட்டாளா?"

"கேக்கணுமா என்ன? கையைத் தூக்க முடியாதவளுக்கு வேற என்ன வேணும்? எனக்குத் தெரியாதா?"

கேட்ட வேகத்தில் அவர் குரல் உயர்ந்துவிட்டது. டிக்கெட் இல்லாதவனிடம் பேசுகிற குரல். காது மடல் சிவந்து, நெற்றியில் வியர்வை பொடித்திருந்தது. எனக்குக் கோபம் வந்தது. அம்மாவுக்கு வரவில்லை.

"அண்ணாச்சி, அருவிக்குப் போயிட்டு வாங்க," என்றார்.

"அருவிக்கா?"

"ஆமா."

திருமலையப்பன் அம்மாவின் முகத்தையே பார்த்தார். பிறகு கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, ஏதோ பெரிய பொருள் கையில் கிடைத்தவர் போல மெதுவாக நடந்து போனார்.

அந்த வாரம் முழுக்க மடத்தில் அந்தச் சொல்லுக்குப் பொருள் சொல்லாத ஆள் இல்லை. அருவி ஓரிடத்தில் நிற்பதில்லை, அதுபோல மனமும் நிற்கக்கூடாது என்றார் ஒருவர். இல்லை, அருவி யாரையும் கேட்காமல் கொடுக்கிறது, அதைச் சொல்கிறார் என்றார் இன்னொருவர். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சினார். எனக்கும் என்னவென்று பிடிபடவில்லை. அம்மாவிடமே கேட்டேன்.

"உப்புப் போட்டியா, பாரு," என்றார். சாம்பாரில் போட்டிருக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை திருமலையப்பன் வந்தார். வரும்போதே முகத்தில் வெளிச்சமும் கவலையும் கலந்து கிடந்தது.

"அம்மா, நீங்க சொன்னது விளங்கிட்டு. ஆனா நடக்க மாட்டேங்கு."

"என்ன விளங்குச்சு?"

"அருவிக்குப் போனேன். சாரல் நேரம், தண்ணி நல்லா விழுது. பாலத்துகிட்ட நின்னு பாத்தேன், பாத்தேன், பாத்துக்கிட்டே இருந்தேன். ஐந்தருவியில நின்னா முதுகைத் தட்டிக் குடுக்கும். பேரருவியில நின்னா ஆளையே கீழ உக்கார வச்சுரும். ஏன்? உயரம்! தண்ணி எவ்வளவு உயரத்துல இருந்து விழுதோ அவ்வளவு வேகம். இதைத்தானே நீங்க சொன்னீங்க?"

அம்மா ஒரு கீரைத்தண்டைக் கிள்ளிப் போட்டார்.

"உடனே பிளம்பரைக் கூப்பிட்டேன். ஷவர் என் தலை உயரத்துக்குக் கொஞ்சம் மேல இருந்துச்சு. அதைக் கழட்டி, மச்சுக்குக் கீழ, முட்டுற மாதிரி ஏத்தி வச்சாச்சு. ஸ்டூல் போட்டு ஏறுனாத்தான் எனக்கே எட்டும். அந்தப் பிளம்பர் பய ஏதோ சொல்ல வந்தான். நீ சும்மா இரு, இது எங்கம்மா சொன்னதுன்னுட்டேன்."

"அப்புறம்?"

"திறந்தேன். முன்னாடி நூல் நூலா வந்துச்சு. இப்போ சொட்டுச் சொட்டா விழுது. பிளம்பர் என்னைப் பாக்கான், நான் அவனைப் பாக்கேன்." அவர் கைகளை விரித்தார். "அருவியில இருக்க ஞாயம் எங்க வீட்டுல ஏம்மா இல்ல? உங்க வார்த்தைக்கு நான் அர்த்தம் தப்பா எடுத்துட்டேனா?"

"நான் என்ன அர்த்தம் சொன்னேன்?"

"அருவியைப் பாத்துக் கத்துக்கோன்னு…"

"அண்ணாச்சி, அன்னைக்கு நீங்க ரொம்பச் சூடா இருந்தீங்க. அருவியில போயி நின்னா ஆறும்னு சொன்னேன்."

திருமலையப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"குளிக்கவா சொன்னீங்க?"

"ஆமா. குளிச்சீங்களா?"

"இல்லம்மா. பாத்துட்டு வந்துட்டேன்."

ஒரு வாரமாகப் பொருள் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் ஆளுக்கொரு தூணைப் பார்த்தார்கள். எனக்கு வந்த சிரிப்புக்கு அடுப்படிக்கே ஓடிவிட்டேன். திரும்பி வந்து பார்த்தபோது அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவ்வளவு பெரிய ஆள், தொலைந்துபோன பிள்ளை மாதிரி. சிரித்ததற்கு வருத்தமாக இருந்தது.

"நானே வந்து பாக்கேன்," என்றார் அம்மா. "ஞாயித்துக்கிழமை. செல்லத்தாயும் வருவா."

அம்மா யார் வீட்டுக்கும் போகிறவர் இல்லை. திருமலையப்பன் இரண்டு நாளில் வீட்டைத் தலைகீழாகப் புரட்டிச் சுத்தம் செய்திருந்தார். நாங்கள் போனபோது வாசலில் கோலம் கிடந்தது. அவரே போட்டாராம். புள்ளிகள் ஒழுங்காக இருந்தன, கோடுகள்தான் எங்கேயோ போய்க்கொண்டிருந்தன.

படியில் ஒரு மணைப்பலகை போட்டிருந்தார். பக்கத்தில் வாளி நிறையத் தண்ணீர்.

"ஏறி நில்லுங்கம்மா. காலைக் கழுவி விடுதேன்."

குருவுக்குச் செய்கிற முறை அது. அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை, ஏறி நின்றார். சாரல் விழுந்துகொண்டிருந்தது, காற்று குளிர்ந்து வீசியது. திருமலையப்பன் விரலை வாளிக்குள் விட்டுப் பார்த்தார். "சில்லுன்னு இருக்கே" என்று உள்ளே ஓடி, வெந்நீர் கொண்டுவந்து கலந்தார். மறுபடி விரலை விட்டுப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். அவர் குனிந்து நான் பார்த்ததே இல்லை. முழங்காலை மடக்கி, முதுகை வளைத்து, ஒரு பித்தளைச் செம்பில் தண்ணீரை மொண்டு, இடது கையை வலது முழங்கைக்குக் கீழே பணிவாகக் கொடுத்துக்கொண்டு மெதுவாக ஊற்றினார். கணுக்காலில் இருந்து விரல் இடுக்கு வரை நனைந்தது.

"சூடு சரியா இருக்காம்மா? போதுமா? இன்னும் ஊத்தட்டுமா?"

"நல்லா ஊத்துறீங்க, அண்ணாச்சி," என்றார் அம்மா. "இன்னும் கொஞ்சம்."

அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. இன்னும் ஊற்றினார்.

"இது ஆவுடை செம்பா?"

"ஆமாம்மா. கல்யாணத்துக்குச் சீரா வந்தது. அவ பேரு வெட்டியிருக்கு, பாருங்க."

வீட்டுக்குள் எல்லாம் துடைத்து வைத்திருந்தது. துடைத்து வைத்த வீட்டில்தான் ஆள் இல்லாதது நன்றாகத் தெரிகிறது. அடுப்பு மேடையில் ஒரே ஒரு தட்டு, ஒரே ஒரு டம்ளர். எனக்குப் பாவமாக இருந்தது.

குளியலறையில் நிமிர்ந்து பார்த்தோம். மச்சில் ஒட்டிக்கொண்டு ஷவர். திறந்துவிட்டார். ஒரு சொட்டு விழுந்தது. எண்ணிப் பார்க்கிற மாதிரி கொஞ்சம் பொறுத்து இன்னொரு சொட்டு.

"இதுதாம்மா எங்க வீட்டு அருவி," என்றார் திருமலையப்பன்.

அம்மா ஸ்டூலைக் காட்டினார். "அந்த மூடியைக் கழட்டிட்டு, செடிக்கு விடுற டியூபை மாட்டுங்க."

அவர் ஏறி மாட்டினார். நீளமான பச்சை டியூப், நுனியைக் கையில் பிடித்தபடி இறங்கினார்.

"நுனியை மேல தூக்கிப் பிடிங்க."

கையை முழுக்க உயர்த்திப் பிடித்தார். சொட்டு விழுந்தது.

"தோளுக்கு இறக்குங்க."

இறக்கினார். சொட்டு நூலானது.

"இடுப்புக்கு."

நூல் கயிறானது. திருமலையப்பனின் புருவம் ஏறியது.

"இன்னும்."

"இன்னும்னா குனியணும்மா."

"குனிங்க."

குனிந்தார். தரைக்கு ஒரு முழம் உயரத்தில் தண்ணீர் பீறிட்டு எதிர்ச்சுவரில் அடித்து, திரும்பி வந்து அவர் முகத்திலேயே விழுந்தது. அவர் டியூபை மேலே தூக்கினார், தண்ணீர் சோர்ந்தது. கீழே விட்டார், பாய்ந்தது. மேலே. கீழே. பொம்மை கிடைத்த பிள்ளை மாதிரி அதையே செய்துகொண்டிருந்தார். வேட்டி முழுக்க நனைந்துவிட்டது.

"என்னம்மா இது! அருவி மேல இருந்து விழுந்தாத்தான் வேகம். இது கீழ வந்தாத்தான் வேகமா? எது சரி?"

"அருவிக்குத் தண்ணி எங்க இருந்து வருது?"

"மலை மேல இருந்து."

"உங்க வீட்டுல மலை எது?"

யோசித்தார். "தொட்டிதான்."

"உங்க ஷவர் தொட்டிக்கு எவ்வளவு கீழ இருக்கு?"

அவர் நிமிர்ந்து மச்சைப் பார்த்தார். அதற்கு மேல்தான் தொட்டி.

"ஒரு முழம் கூட இல்லம்மா," என்றார். "நான் அருவியை மலை உச்சிக்கே கொண்டு போயி வச்சிட்டேன்."

அதற்கு அப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. மறுநாளே பிளம்பரை வரவழைத்தார். மேலே இருந்ததை எடுத்துவிட்டு, உட்கார்ந்தால் தோளுக்கு வருகிற உயரத்தில் ஒரு குழாய், அதில் கையில் பிடித்துக் குளிக்கிற ஷவர், கீழே வழுக்காத ஸ்டூல். தெருவில் போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு, கையை நீட்டச் சொல்லித் தண்ணீரைக் காட்டினாராம். மடத்துக்கும் போன் செய்தார். "செல்லத்தாயி, வேகம் வந்துட்டுன்னு அம்மாகிட்ட சொல்லு. நாளைக்குச் செங்கோட்டைக்குப் போறேன். அவளைக் கூட்டிக்கிட்டுத்தான் வருவேன்."

அம்மாவிடம் சொன்னேன். "நல்லது" என்றார். அவர் முகத்தில் சந்தோஷம் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு அதுவும் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை திருமலையப்பன் தனியாகத்தான் வந்தார். குடை கையில் இருந்தது, அவர் நனைந்திருந்தார். எல்லோரும் போகும்வரை தூணோரம் உட்கார்ந்திருந்தார். அம்மா கீரைக்கட்டைப் பிரித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து தண்டைக் கிள்ளினேன்.

"வர மாட்டேன்னுட்டாம்மா," என்றார்.

"என்ன நடந்துச்சு?"

"போனேன். வாசல்ல நின்னு கூப்பிட்டேன். யாரையும் காணோம். பின்பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு. ஓலை மறைப்புக்கு அந்தப் பக்கம் அவளும் அவ அக்காளும். அக்கா தண்ணி ஊத்துதா, இவ குளிக்கா. அந்த அக்காளுக்கு ரெண்டு முட்டியும் தேஞ்சு கெடக்கு, சேர்ந்தாப்புல நிக்க முடியாது. அவ ஏதோ சொல்லுதா, இவ சிரிக்கா. எங்க வீட்டுல அவ அப்படிச் சிரிச்சு நான் கேட்டதே இல்ல."

"ம்."

"தலையைத் துவட்டிக்கிட்டு வெளிய வந்தா. ஷவர் சரியாயிட்டு, தண்ணி பாஞ்சு விழுது, கெளம்புன்னேன். உள்ள வாங்கன்னு அக்கா கூப்பிட்டா. நேரமில்ல, பஸ்ஸு இருக்குன்னுட்டேன்."

"ஆவுடை என்ன சொன்னா?"

"'ரொம்பச் சந்தோஷம். நீங்க நல்லாக் குளிங்க'ன்னா."

நான் வாயை மூடிக்கொண்டேன். இந்த முறை சிரிப்பு வரவில்லை.

"எனக்கு ஒண்ணுமே புரியலம்மா." அவர் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அந்த வீட்டுல ஷவரே கெடையாது. ஒரு வாளி, ஒரு செம்பு. குளியலறை கூட இல்ல, ஓலை மறைப்பு. அங்க இருந்துக்கிட்டு, எல்லாம் வச்சிருக்க வீட்டுக்கு வர மாட்டேங்கா. இந்த வீட்டுல எப்படிக் குளிக்கதுன்னு கேட்டவ அவதானே? குளிக்கதுக்கு எல்லாம் செஞ்சாச்சே. இன்னும் எதைத்தான் சரி பண்ணணும்? சொல்லுங்கம்மா. நான் செஞ்சிருதேன். அவ இல்லாம அந்த வீட்டுல என்னால இருக்க முடியல."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அந்தச் செக்கிங் குரல் எங்கேயும் இல்லை.

அம்மா கையில் இருந்த கீரையை வைத்தார்.

"கை தூக்க முடியாமப் போன புதுசுல, ஆவுடை உங்ககிட்ட முதல்ல என்ன கேட்டா?"

"ஷவர்…" என்று தொடங்கினார் திருமலையப்பன். நிறுத்தினார். வெளியே ஓட்டில் இருந்து சாரல் ஒழுகிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடி சொன்னார்.

"அன்னைக்கு நான் பேப்பர் பாத்துக்கிட்டு இருந்தேன். குளியலறையில இருந்து கூப்பிட்டா. 'ஏங்க, கை வலி உயிர் போகுது. தலைக்கு ரெண்டு செம்பு ஊத்துறீங்களா'ன்னு கேட்டா."

"நீங்க?"

"எந்திரிக்கலம்மா. பேப்பர்ல இருந்து தலையைக் கூடத் தூக்கல. ஒரு ஆம்பளை பொண்டாட்டிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு நிக்கதா, அக்கம்பக்கத்துல யாருக்காவது தெரிஞ்சா என்ன நினைப்பான்னு தோணுச்சு. ஷவர் வச்சுத் தாரேன், அருவி மாதிரி விழும்னு சொன்னேன்."

"அவ?"

"ஒண்ணும் சொல்லல."

"அதுக்கு அப்புறம் கேட்டாளா?"

"கேக்கல. ஒருநாளும் கேக்கல." அவர் அம்மாவைப் பார்த்தார். கண்ணில் குழப்பம் இன்னும் கிடந்தது. "ஆனா இப்போதான் ஷவர்ல தண்ணி நல்லா வருதேம்மா. யாரும் ஊத்தவே வேண்டாமே."

அம்மா கீரைத்தண்டை எல்லாம் ஒதுக்கி, முறத்தைத் தட்டி, என் பக்கம் நகர்த்திவிட்டு அவரைப் பார்த்தார்.

"அன்னைக்கு வாசல்ல என் காலுக்கு ஊத்தினீங்களே, அண்ணாச்சி. கை வலிச்சுதா?"

திருமலையப்பன் மடியில் கிடந்த தன் வலது கையைக் குனிந்து பார்த்தார்.

ரோட்டில் செங்கோட்டைப் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. எந்த டெப்போ வண்டி, எவ்வளவு லேட் என்று அவர் சொல்லவில்லை.